சலத்தில் போன புரதம்

என் சலத்தில், சிறுநீரில், இன்னும் புரதம் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே மாமி முட்டை வாங்கப் போய்விட்டார். நான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "போறதை நிரப்பத்தானே வேணும், பிள்ளை. உதுக்கேன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்?" என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார்.

மாமி என் கணவரின் தாய். மயிலிட்டியில், இராணுவத்திடமிருந்து ஊர் விடுபட்ட பிறகு கட்டிய வீட்டில் நாங்கள் நால்வர் இருக்கிறோம்: மாமி, கணவர், நான், அப்போது இரண்டு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகள். கணவர் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர். நான் தெல்லிப்பழையில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிறந்தது தோட்டம் செய்து பிழைக்கிறவர்கள் வீட்டில். மரக்கறியிலேயே வளர்ந்தவள். அவரை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் முள் எடுத்து மீன் தின்னப் பழகினேன். பழக்கியவர் மாமி. என் தாய் வீட்டில் என்னோடு கதைக்காமல் இருந்த காலத்தில் அவர்தான் எனக்குப் பக்கத்தில் இருந்து சோறு போட்டவர். அதனால் அவர் தட்டில் வைப்பதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

மகள் வயிற்றில் இருந்த கடைசி மாதங்களில் என் கால்கள் வீங்கின. பிறகு கைகள், பிறகு முகம். காப்பைக் கழற்றச் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. பிரஷர் ஏறிவிட்டது, சலத்தில் புரதம் போகிறது, சில தாய்மாருக்கு இப்படி வரும், பிள்ளை பிறந்தபின் அடங்கிவிடும் என்றார்கள். பிள்ளை பிறந்தது. வீக்கம் வடிந்தது. பிரஷரும் இறங்கியது. புரதம் மட்டும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று போய், மகள் முற்றத்தில் ஓடித் திரியத் தொடங்கிய பிறகும் நிற்காததால், பெரியாஸ்பத்திரியின் சிறுநீரக கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை. அதுதான் என்னை இருக்கவிடவில்லை. காய்ச்சல் என்றால் படுக்கலாம், பல்வலி என்றால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இருக்கலாம். இதற்கு என்ன செய்வது? காலையில் சலம் கழித்துவிட்டு நுரை அடங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். அடங்காது. தண்ணீர் ஊற்றினால் இன்னும் பொங்கும். வகுப்பில் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டு நிற்கும்போதே அது நினைவுக்கு வரும். சோக்கட்டியை வைத்துவிட்டு வெளியே போய், மாமரத்தடியில் இங்குமங்குமாக நடந்துவிட்டுத் திரும்பி வருவேன். பிள்ளைகள் ஆளை ஆள் பார்ப்பார்கள்.

வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டே இருந்தது. காலையில் முட்டை, மத்தியானம் மீன் குழம்பும் பொரியலும், பின்னேரம் அவித்த பயறு. அவர் பிடித்து வருவதில் நல்ல மீன் ஏலத்துக்குப் போகாமல் எங்கள் குசினிக்கு வந்தது. நான் எழும்பப் பார்த்தால் மாமி தோளில் கை வைத்து இருத்துவார். "தலையைச் சூப்பு. தலையிலைதான் சத்து."

அடுத்த தடவை போனபோது, ஒரு முழு நாளின் சலத்தையும் ஒரு பிளாஸ்ரிக் கானில் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதைக் குளிராக வைத்திருக்க வேண்டுமாம். பிரிட்ஜுக்குள் வைக்க மாமி ஒருபோதும் விடமாட்டார். கணவர் மீன் கொண்டுபோகும், குளிர் காக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் ஐஸ் நிரப்பிக் குளியலறை வாசலில் வைத்தார். மறுநாள் அந்தப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் வைத்து, நான் பின்னால் ஏறி, யாழ்ப்பாணத்துக்குப் போனோம். வழியில் ஒரு சந்தியில் ஒருவர் கை காட்டி மறித்தார்.

"அண்ணை, என்ன மீன் கிடக்குது?"

"இது சொல்லி வைச்ச ஆளுக்குப் போகுது," என்றார் இவர், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல்.

"ஒருக்காத் திறந்து காட்டுங்கோவன்."

"திறந்தால் பழுதாப்போம், அண்ணை."

அந்தச் சந்தி மறையும்வரை நான் அவர் முதுகில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். அந்த மாதங்களில் நான் சிரித்ததாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

முடிவு வந்தபோது புரதம் முன்பைவிடக் கூடியிருந்தது. இனி ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். குப்புறப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். ஊசி அவ்வளவு மோசமில்லை. அதன் பிறகு மல்லாந்து, அசையாமல், இரத்தம் கசியாமல் இருக்க நாள் முழுவதும் கிடக்கச் சொன்னார்களே, அதுதான் எனக்குத் தண்டனை. கால் விரல்களை மட்டும் மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

அந்தத் துண்டின் முடிவு கேட்கப் போன அன்று கணவர் கடலுக்குப் போயிருந்தார். மாமி என்னோடு வந்தார். சிறுநீரக டொக்டர் என் வயதை ஒத்த பெண். விரைவாகக் கதைப்பவர், ஆனால் கேள்வி கேட்டால் நிறுத்திப் பதில் சொல்வார். என் ஸ்கான் உறையைத் திருப்பி, அதன் வெறும் பக்கத்தில் ஒரு உருண்டை கீறி, அதிலிருந்து வளைந்து வளைந்து போகும் ஒரு குழாயைக் கீறினார்.

"இந்த உருண்டைதான் வடிகட்டி. உங்களுக்கு நோய் இதிலைதான் தொடங்கியிருக்குது. இரத்தத்திலை இருக்கிற புரதத்தை இது மறிச்சு வைக்க வேணும். இப்ப மறிக்கேல்லை, விடுது. இனி இந்தக் குழாயைப் பாருங்கோ. இதின்ரை சுவர் முழுக்கக் கலங்கள், அதுதான் செல். வடிகட்டியாலை தப்பி வாற புரதத்தை இந்தக் கலங்கள் திரும்ப உள்ளை எடுத்து, உடைச்சு, உடம்புக்கே குடுத்துவிடும். சுகமாய் இருக்கிற ஆக்களிலையும் கொஞ்சம் தப்பித்தான் வரும். அதை இவை சமாளிக்கும்."

"அப்ப நல்லதுதானே," என்றார் மாமி.

"கொஞ்சம் வந்தால் நல்லது, அம்மா. இவவுக்குக் கனக்க வருது. வேண்டாம், காணும் எண்டு இந்தக் கலங்களுக்குச் சொல்லத் தெரியாது. வர வர எடுத்துக்கொண்டே இருக்கும். உடைக்கிற இடம் நிரம்பி வீங்கும். சிலது உள்ளுக்கையே வெடிக்கும். பிறகு அந்தக் கலமே நோயாளி. நோயான கலம் சும்மா கிடக்காது. உதவிக்கு வரச் சொல்லி இரத்தத்திலை இருக்கிற வெள்ளைக் கலங்களைக் கூப்பிடும். அவை வந்து குழாயைச் சுத்தி நிறையும். அதைத்தான் அழற்சி எண்டுறது. கனகாலம் அப்பிடியே கிடந்தால் அந்த இடத்திலை தழும்பு விழும். தழும்பு விழுந்த குழாய் முடிஞ்சுது. அதின்ரை வேலையையும் மிச்சக் குழாய்கள் இழுக்க வேணும். பாரம் கூட, அதுகளும் இதே மாதிரிப் பழுதாகும்."

நான் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குள் இவ்வளவு நடந்துகொண்டிருக்க, நான் வெளியில் ஒரு நோவும் இல்லாமல் கதிரையில் இருக்கிறேன்.

"என்ரை துண்டிலை தழும்பு இருக்குதோ?" என்று கேட்டேன்.

"ஓம். கொஞ்சம் இருக்குது. அழற்சியும் இருக்குது. அழற்சியை அடக்கப் பார்க்கலாம். விழுந்த தழும்பை எடுக்கேலாது."

மாமி கதிரையை முன்னுக்கு இழுத்தார். "டொக்டர், புரதம் நல்ல சாமான் எண்டல்லோ சொல்லுறவை? போற அளவுக்கு நான் குடுத்துக்கொண்டு இருக்கிறன்."

"நல்ல சாமான்தான், அம்மா. ஆனால் அது அந்தக் குழாய்க்குள்ளை இருக்க வேண்டிய சாமான் இல்லை. கனக்கச் சாப்பிட்டு உதை நிரப்பேலாது. வடிகட்டிக்கு வேலை கூடி, ஒழுகிறதும் கூடும். எல்லாரும் சாப்பிடுற அளவு சாப்பிடட்டும். உப்பைக் குறையுங்கோ. கருவாடு வேண்டாம்."

எழுதித் தந்தது ஒரு பிரஷர் குளிசை. எனக்கு இப்போது பிரஷர் இல்லையே என்றேன். வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை அது குறைக்கும், அழுத்தம் குறைந்தால் ஒழுகும் புரதம் குறையும், அது குறைந்தால் கலங்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்றார். பிறகு பேனையை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்டு. இந்தக் குளிசை போடுற காலத்திலை பிள்ளை தங்கக் கூடாது. குழந்தையைப் பாதிக்கும். தங்கியிருக்குமோ எண்டு சந்தேகம் வந்தாலும் உடனை வாங்கோ."

 பஸ்ஸால் இறங்கி வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போது மாமி கேட்டார்.

"அப்ப நான் தந்ததுதான் உன்ரை கிட்னியைத் திண்டதோ?"

"இல்லை, மாமி. நோய் முதலே இருந்தது. டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை."

"கூடினது எண்டு சொன்னவதானே."

அன்றிலிருந்து எனக்கு மீன் நின்றது. முட்டை நின்றது. பருப்பைக்கூடத் தண்ணியாக வைத்து, மேலே தெளிந்ததை எனக்கு ஊற்றினார். வாழைக்காய், கீரை, பூசணி என்று என் தாய் வீட்டுச் சாப்பாடு எனக்குத் தனிச் சட்டியில் வந்தது. நான் மெலிந்தேன். படிக்கட்டு ஏறினால் கால் நடுங்கியது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் என் தட்டைப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"என்னணை அம்மா, இவளைப் பட்டினி போட்டே கொல்லப் போறியளோ?"

"நீ போய்க் கேட்டனியோ? நான் கேட்டனான். புரதம்தான் கேடாம்!"

"ஒழுகிற புரதம், அம்மா. தின்கிற புரதமில்லை."

"ரெண்டும் ஒண்டுதானே!"

இரண்டு பேரும் சத்தம் போட, மகள் அழ, நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன். அடுத்த கிளினிக்குக்கு அவர் கடலை விட்டுவிட்டு வந்து, எவ்வளவு மீன் என்று நேரே கேட்டார். டொக்டர் தன் உள்ளங்கையைக் காட்டினார். விரல்களைச் சேர்க்காமல், உள்ளங்கை மட்டும். வீட்டில் மாமி அதைக் கேட்டுவிட்டு, "ஆற்றை கை? டொக்டரின்ரையோ, உன்ரையோ?" என்றார். பிறகு என் கையை இழுத்து, அன்று வெட்டிய பாரை மீன் துண்டு ஒன்றை அதில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பின் வீட்டில் அமைதி வந்தது.

முதல் குளிசை எனக்கு வறட்டு இருமலைத் தந்தது. அதை மாற்றி வேறொன்று தந்தார்கள். அது ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு சோதனையிலும் புரதம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. டொக்டர் முதல் தடவையாகச் சிரித்து, "கலங்களுக்கு இப்ப கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்," என்றார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டிய காலம் அது. அப்போதுதான் எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் பிடித்தது.

ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மகள் தனியே இருந்து தன் பொம்மைக்குச் சோறு தீத்துவதைப் பார்த்ததாலா? கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டதாலா? மாமி கோயிலில் பேரன் ஒருவன் வேண்டி நேர்த்தி வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. காலையில் குளிசையைக் கையில் எடுத்தால் உடனே வாயில் போட மனம் வராது. போடுவேன். போட்டுவிட்டு வீட்டைக் கூட்டுவேன். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டுவேன்.

ஒரு பின்னேரம் துறைமுகத்தில், அவர் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் இருந்து சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"எனக்கு இருக்கிற ஒரு பிள்ளையே காணும்."

"எனக்குக் காணாது."

"நீ போயிட்டியெண்டால்?"

"நான் போகமாட்டன். டொக்டரைக் கேப்பம். ஏலாது எண்டால் விடுறன்."

"அவ ஏலாது எண்டாலும் நீ விடமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்."

டொக்டர் ஏலாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிறுநீரகங்கள் இன்னும் நன்றாக வேலை செய்கின்றன, ஒழுகுவதும் குறைந்திருக்கிறது, உங்களைப் போன்ற சிலர் பெற்றிருக்கிறார்கள் என்றார். ஆனால் இந்தக் குளிசையை நிறுத்தி, குழந்தைக்குத் தீங்கில்லாத வேறு பிரஷர் குளிசைக்கு மாற வேண்டும். அது ஒழுக்கை இவ்வளவுக்கு மறிக்காது. கர்ப்பம் தங்கினால் இன்னும் கூடும். கலங்கள் பழையபடி அளவுக்கு மிஞ்சி விழுங்கத் தொடங்கும். பிறகு எல்லாம் அடங்கலாம், அடங்காமலும் போகலாம். "எவ்வளவு தழும்பு விழும் எண்டு என்னாலை இப்ப சொல்லேலாது," என்றார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓம் என்றேன். அவரும் கடைசியில் தலையாட்டினார்.

குளிசை மாறியது. மாதங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் காத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் இல்லை. நுரை மட்டும் திரும்பி வந்தது. முதலில் கொஞ்சம், பிறகு பழையபடி. முன்பு எனக்கு ஒன்றும் தெரியாமல் பயந்தேன். இப்போது தெரிந்திருந்தது, அது இன்னும் மோசம். மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருப்பேன், அந்தக் கலங்கள் இந்த நேரமும் விழுங்கிக்கொண்டிருக்கும் என்று தோன்றும். நான் படிப்பிக்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவை விழுங்கிக்கொண்டிருக்கும். வராத ஒரு பிள்ளைக்காக இருக்கிற குழாய்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். விடவும் முடியவில்லை. அடுத்த மாதம் தங்கிவிட்டால்?

அப்படி ஒரு சோதனையில் புரதம் முதன்முதலில் இருந்த இடத்துக்கே ஏறியிருந்தது. இரத்தத்தில் சிறுநீரகத்துக்கான சோதனையும் முதல் தடவையாகக் கெட்ட பக்கம் கொஞ்சம் அசைந்திருந்தது. டொக்டர் இரண்டையும் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

"நான் உங்கடை இடத்திலை இருந்தால் திரும்பப் பழைய குளிசைக்குப் போவன். ஆனால் முடிவு உங்கடை."

"போடுவம், டொக்டர்," என்றார் கணவர்.

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். கிளினிக்கைத் தாண்டி, கேற்றைத் தாண்டி, எந்தப் பக்கம் என்று பார்க்காமல் நடந்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகு பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் தெருவோரமாக, என் நடைக்கு ஏற்ற மாதிரி மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தார். பஸ்காரர்கள் ஹோன் அடித்துக்கொண்டு போனார்கள்.

"ஏறு."

"ஏறமாட்டன்."

"மயிலிட்டி மட்டும் நடக்கப் போறியோ?"

"ஓம்."

அவர் பழையபடி உருட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். வெயில் தலையில் ஏறியது. நான் திரும்பி நின்று கத்தினேன். "நீங்கள் எப்பிடி எனக்காகச் சொல்லுவியள்? என்னைக் கேட்டியளோ?"

"கேக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்குது." அவர் எஞ்சினை நிறுத்தினார். "கடலிலை நிக்கேக்கை எனக்கு உந்த நினைப்புத்தான். நீ உள்ளுக்கை உடைஞ்சுகொண்டிருக்கிறாய், நான் வலை இழுத்துக்கொண்டு நிக்கிறன். போன கிழமை கயிறு கையை அறுத்ததும் தெரியேல்லை."

அவர் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்த வெட்டுக்கு நான்தான் மருந்து போட்டிருந்தேன். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. அதே நேரத்தில் செருப்பு வார் என் காலை அழுத்துவது தெரிந்தது. குனிந்து விரலால் அமத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மகள் வயிற்றில் இருந்தபோது பார்த்த அதே வீக்கம். வயிற்றில்தான் இப்போது ஒருவரும் இல்லை.

ஏறினேன். அவர் வீட்டுப் பக்கம் திருப்பாமல் கிளினிக் பக்கம் திருப்பினார். நானே உள்ளே போய், பழைய குளிசையை எழுதித் தரச் சொன்னேன்.

மாமிக்கு நான்தான் சொன்னேன். அவர் அரிவாளில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுவதை நிறுத்தவில்லை. "இவ்வளவு நாளும் நேர்த்தி வைச்சது," என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு சில நாட்கள் என்னோடு அளவாகத்தான் கதைத்தார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு வரவில்லை. அவருக்கும் ஒரு ஆசை இருந்தது, அது போய்விட்டது. அதை என்னிடம் மறைக்க அவருக்குத் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, என் நெற்றியில் விபூதி பூசி, "இனி உன்ரை பேரிலைதான் வைச்சிருக்கிறன்," என்றார். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை.

புரதம் திரும்ப இறங்கியது. ஆனால் முன்பு இறங்கிய அளவுக்கு இல்லை. இரத்தச் சோதனை அசைந்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கு மேல் போகாமல் இருப்பதே பெரிய விஷயம் என்கிறார் டொக்டர். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். நான் பின்னேர வகுப்புகளை விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் வைத்திருக்கிறேன்.

போன தடவை கிளினிக்கில் என் பக்கத்துக் கதிரையில் ஒரு இளம் பெண் வந்து இருந்தாள். கலியாணம் முடித்துக் கனகாலம் ஆகியிராது, தாலிக்கொடி புதிதாக மின்னியது. கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தன. சலத்தில் புரதம் போகிறதாம், நோவில்லை, பிறகு ஏன் இவ்வளவு சோதனை என்று என்னைக் கேட்டாள். நான் என் கையிலிருந்த உறையின் பின்பக்கத்தில் உருண்டையையும் குழாயையும் கீறிக் காட்டினேன். கலங்கள் எப்படி எடுக்கும், எப்படி வீங்கும் என்று சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பிள்ளை பெறலாமோ?" என்றாள்.

"அதை டொக்டரை நேரே கேளுங்கோ," என்றேன். "இண்டைக்கே கேளுங்கோ. விட்டிட்டு இருக்காதைங்கோ."

அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். என் பெயர் கூப்பிடப்படவில்லை. இருந்தும் நான் எழும்பி, தண்ணீர் குடிக்கப் போவதுபோல விறாந்தைக்குப் போய், என்னைக் கூப்பிடும்வரை அங்கேயே நடந்துகொண்டிருந்தேன்.